பூச்சி பாயும் ஒரு சுத்தமான ஸ்லைடும்

தீப்பெட்டியைக் கையில் வாங்கியதும் நூர் பாஷா அதைக் காதருகே கொண்டுபோய் ஒரு தட்டு தட்டுவார். உள்ளே குச்சி உருளும் சத்தம் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார். சத்தம் இல்லாவிட்டால் மேலே பென்சிலால் பெயர் எழுதிப் பைக்குள் போட்டுக்கொள்வார். வேலையில் சேர்ந்த புதிதில் இந்தத் தட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை. அப்போது ஒருநாள், கருங்கல்பள்ளத்தில் பெரியவர் ஒருவர் பீடி பற்றவைக்க எடுத்த பெட்டியை, நமக்குத்தான் நீட்டுகிறார் என்று நினைத்து வாங்கிப் பெயர் எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கொடுக்க வேண்டிய பெட்டி பெரியவரின் மடியிலேயே தங்கிவிட்டது. அன்று சாயங்காலம் பெரியவர் பீடியை வாயில் வைத்துக்கொண்டு எந்தப் பெட்டியைத் திறந்தார் என்பதை நூர் பாஷா இன்றுவரை விசாரிக்கவில்லை.

அவருக்கு உத்தியோகம் மொரப்பூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். லேப் டெக்னீஷியன். சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்களின் மலத்தை வாங்கி, ஒரு துளி உப்புத் தண்ணீரில் கரைத்து, ஸ்லைடில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, யார் வயிற்றில் என்ன பூச்சி குடியிருக்கிறது என்று சொல்வதுதான் வேலையில் பெரும்பாதி. சளியும் பார்ப்பார், ரத்தமும் பார்ப்பார். ஆனால் அதற்கெல்லாம் ஊர் அவருக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. மலத்துக்குத்தான் வைத்தது. மொரப்பூர் டீக்கடையிலிருந்து கருங்கல்பள்ளம் வரைக்கும் அவர் 'பூச்சி பாய்'.

மாதிரி வாங்குவதற்கென்று மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் மேலிடத்திலிருந்து வராமல் இல்லை. வந்தவற்றைக் கிராமத்தில் கொடுத்தால், கொடுத்தவை திரும்பி வருவதில்லை. அடுத்த தடவை போகும்போது அவற்றில் குங்குமமும் மூக்குப்பொடியும் இருக்கும். கடைசியில் ஜனங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலித் தீப்பெட்டி எல்லா வீட்டிலும் உண்டு, மூட வசதி, மடியில் வைத்துக்கொண்டு வந்தால் பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. இதனால் நூர் பாஷா தன் பீடிப் பழக்கத்தையே விட வேண்டி வந்தது. டீக்கடையில் அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தால் பெஞ்சு காலியாகிவிடும். புகைப்பது உடம்புக்குக் கெடுதல் என்று உணர்ந்து விட்டதாக ஹாஜிராவிடம் சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொண்டார்.

ஹாஜிரா அவர் மனைவி. வாணியம்பாடிப் பெண். பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு நூர் பாஷாவின் மாமா, "கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரில மிசின் வச்சிப் பாக்குற வேல" என்றார். அதில் ஒரு பொய்யும் கிடையாது. தோல் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்த மாமனார் அதை இருதயம், நுரையீரல் அளவில் எடுத்துக்கொண்டுவிட்டார். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில்தான் விவரம் புரிந்தது. அன்றிலிருந்து மாமியார் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் சோப்பைத் தட்டில் வைத்துக் கொண்டு வந்து நீட்டுவார்கள். மற்ற மருமகன்களுக்கு இந்த மரியாதை கிடையாது என்று நூர் பாஷா பெருமையாகச் சொல்வார்.

மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்களில் நூர் பாஷா உயிரையே வைத்திருப்பது ஒரு ஜோடி பழுப்புநிற பூட்ஸ். மாமனார் வேலை பார்த்த ஷெட்டுத் தோலில், தெரிந்த ஆளை வைத்துத் தைத்தது. தினம் காலையில் அதை மினுக்கித் துடைத்து, கயிறு கட்டி, நிமிர்ந்து நின்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவார். ஈரம் பட்டால் தோல் வெடித்துவிடும் என்று மாமனார் சொல்லிக் கொடுத்திருந்ததால், கருங்கல்பள்ளம் போகிற வழியில் மஞ்சள் தோட்டத்து வரப்பு வந்ததும் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். வரப்பு தாண்டி, ஊர் எல்லைக் கல்லில் உட்கார்ந்து, கைக்குட்டையால் காலைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தால், அவர் ஆபீசர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் நின்று, காலை லேசாகத் தூக்கிப் பூட்ஸைக் காட்டி, வெறுங்காலோடு நடந்தால் என்ன ஆகும் என்று கேட்பார். கொக்கிப்புழு ஏறும் என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். மண்ணிலிருந்து கால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், குடலில் தொங்கி, ரத்தத்தை உறிஞ்சும் என்று மீதியை இவர் சொல்வார். இதில் ஏதோ இடிக்கிறதே என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். நூர் பாஷாவுக்குத் தோன்றவில்லை.

பூச்சிகள் மேல் அவருக்கு ஒருவிதமான தொழில் மரியாதை உண்டு. அரூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் ஏறினால், டிக்கெட் வாங்கியவர்களைவிட வாங்காமல் உள்ளே உட்கார்ந்து வருபவர்கள்தான் அதிகம் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்வார். பக்கத்து சீட்டுக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். "பூச்சிங்களுக்கு மட்டும் ஓட்டுரிமை குடுத்துப் பாருங்க. இந்தத் தாலுக்காவுல ஒரு மனுசன் டெபாசிட் வாங்க மாட்டான்" என்பது டீக்கடையில் அவர் வழக்கமாகச் சொல்வது. தன்னைப் பற்றியும் ஒன்று சொல்வார்: "ஒலகத்துல எல்லாரும் மொகத்த பாத்து மனுசன எடை போடுறாங்க. நமக்கு அந்தக் குடுப்பினை இல்லீங்க."

பூச்சி இருப்பது அவருக்குப் பெரிய கஷ்டமில்லை. இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். எல்லோருக்கும் அது பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. ஒருமுறை கருங்கல்பள்ளத்தில் ஒரு தெருவுக்கே பரிசோதனை என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் பெட்டிகள் தாராளமாக வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தால், கிழவிக்கும் அதே உருண்டைப்புழு, பேரனுக்கும் அதே உருண்டைப்புழு, எல்லாம் ஒரே அளவில், ஒரே சாயலில். விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. நம்முடையதில் ஏதாவது இருந்து தொலைத்தால் மானம் போய்விடுமே என்று பயந்து, தெருவே சேர்ந்து, தினம் முட்டை சாப்பிட்டுத் திடகாத்திரமாக இருக்கும் மாவு மில் ராஜாமணியிடம் போய் வாங்கி நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது. ராஜாமணியும் ஊருக்கு உதவுகிறோம் என்ற திருப்தியோடு கொடுத்திருக்கிறார். தெரு முழுக்கப் பூச்சி என்று முடிவு வந்ததும் அத்தனை பேரும் ராஜாமணி மேல் பாய்ந்தார்கள். கொஞ்ச நாள் அவர் மில்லில் ராகி அரைக்கக்கூட யாரும் போகவில்லை. தான் யாரையும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லையே என்று அவர் நூர் பாஷாவிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லும் நூர் பாஷா, காவேரி விஷயத்தில் மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்.

காவேரி, கருங்கல்பள்ளத்து நஞ்சம்மாளின் மருமகள். பொம்மிடிப் பக்கம் பிறந்த வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் மஞ்சள் தோட்டத்தில் ஒரு பாத்தி களையை மற்றவர்களுக்கு முன்னால் எடுத்து முடிக்கிற பெண்தான். வரவர ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. யாரும் பார்க்காதபோது அடுப்புச் சாம்பலை எடுத்துத் தின்கிறாள் என்று நஞ்சம்மாளே சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் புகார் சொன்னாள். டாக்டரம்மா தீப்பெட்டி கேட்டார். நூர் பாஷா பார்த்த இடமெல்லாம் கொக்கிப்புழு முட்டை.

டாக்டரம்மா பூச்சி மாத்திரையும், ரத்தம் ஊறுவதற்கு இரும்புச் சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இப்படியே விட்டால் இருதயம் தாங்காது என்றும் சொன்னார். நஞ்சம்மாளுக்குக் காதில் விழுந்தது பூச்சி என்ற ஒரு சொல்தான். மாத்திரைப் பொட்டலத்தை மேஜை மேலேயே வைத்துவிட்டாள்.

"எங்க வூட்ல வழிவழியா ஒருத்தருக்கும் பூச்சி கெடையாதுங்க. இது அவ அம்மா வூட்டுச் சீதனம். அங்கயே போயி எறக்கி வச்சிட்டு வரட்டும்."

மகன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். பொம்மிடியில் காவேரிக்கு இருப்பது அப்பா ஒருவர்தான். கல் உடைக்கப் போனால் அவரும் வாரக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். அங்கே போனால் மாத்திரையை எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது, இந்த உடம்போடு அவளே கூலிக்குப் போக வேண்டும். பூச்சிக்காரி என்ற பேரோடு அனுப்பிய பெண்ணைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்பதும் நிச்சயமில்லை. நூர் பாஷாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தான் பார்த்துச் சொன்ன ஒரு சொல்லால் ஒரு குடும்பம் பிரிகிறதே என்று ஹாஜிராவிடம் புலம்பினார். அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பெண் செத்தல்லவா போவாள் என்று ஹாஜிரா கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கருங்கல்பள்ளம் பள்ளிக்கூடத்தில் சுகாதாரக் கண்காட்சி வைப்பதென்று முடிவாயிற்று. நஞ்சம்மாள் அதுவரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டாள். கண்காட்சி முடிந்ததும் சாயங்காலப் பாசஞ்சரில் மருமகளைக் கொண்டுபோய் விட்டுவிடுவதாகவும் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. அரூரிலிருந்து இன்னொரு மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கி, ஒன்றில் பூச்சி முட்டை உள்ள ஸ்லைடும், மற்றொன்றில் சுத்தமான ஸ்லைடும் வைத்து, ஜனங்களையே கண்ணால் பார்க்க விடலாம். வித்தியாசம் தெரிந்தால் மாத்திரையின் அருமை தெரியும்.

பூச்சி உள்ள ஸ்லைடுக்குப் பஞ்சமில்லை. சுத்தமான ஸ்லைடுக்குத்தான் நூர் பாஷா அலைந்தார். வந்த பெட்டிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. சரி, ஜனங்களை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி ஆட்களிடமே எடுத்துவிடலாம் என்று கம்பவுண்டர் சவுரியப்பனைக் கேட்டார். சவுரியப்பன் ஆற வைத்த வெந்நீர் தவிர வேறு தண்ணீர் குடிக்காதவர். உருண்டைப்புழு. ஆயாம்மாவிடம் கொக்கிப்புழு. ஜீப் டிரைவரிடம் இரண்டும் கூட்டுக்குடித்தனம். கடைசியில் டாக்டரம்மாவே பெயர் ஒட்டிய கண்ணாடிப் பாட்டிலில் கொடுத்து அனுப்பினார். அதில் புழு இல்லை. படித்தவர்களுக்கு ஏற்ற மாதிரி ஜியார்டியா என்ற நுண்ணுயிர் இருந்தது. நூர் பாஷா அந்தச் செய்தியை எழுந்து நின்று மரியாதையாகத் தெரிவித்தார்.

மிச்சம் இருந்தது ஓர் ஆள். கொதிக்க வைத்த தண்ணீர், வெள்ளிக்கிழமை தவறாமல் நகம் வெட்டுதல், மாமியார் தயவில் இடைவிடாத சோப்பு. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று தலையில் தட்டிக்கொண்டு, கண்காட்சி நாளன்று காலையில் வீட்டிலிருந்தே தன் தீப்பெட்டியைக் கொண்டு வந்தார். வழக்கப்படி மேலே பெயரும் எழுதிவிட்டார். பார்க்கும் முன்னாலேயே சவுரியப்பனைக் கூப்பிட்டு, சுத்தம் என்றால் எப்படி இருக்கும் என்று வந்து பார்க்கச் சொன்னார். அப்போது அவர் முகம் இருந்த இருப்பைச் சவுரியப்பன் இன்றும் நடித்துக் காட்டுவார். நல்லவேளை, மருந்து வாங்க யாரோ கூப்பிட்டதால் சவுரியப்பன் போய்விட்டார்.

நூர் பாஷா குனிந்து பார்த்தார். மெல்லிய ஓடு, உள்ளே கண்ணாடிபோல நாலைந்து உருண்டை. தினம் பார்க்கிற முகம். தினம் பார்ப்பதாலேயே முதலில் அவருக்குத் திடுக்கிடக்கூடத் தோன்றவில்லை. யாருடையது என்பது நினைவுக்கு வந்தபிறகு நிமிர்ந்தார். ஸ்லைடு சரியாகக் கழுவாததுதான் என்று முடிவு செய்து, புது ஸ்லைடை எடுத்துத் துடைத்து, மறுபடி தடவிப் பார்த்தார். அதில் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருந்தன.

அரூர் ஓட்டல் சட்னியை நினைத்தார். மச்சான் வீட்டுப் பிரியாணியை நினைத்தார். கிணற்றை நினைத்தார். ஒன்றுக்கும் கொக்கிப்புழுவோடு சம்பந்தம் கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவரே அவர்தான். கீழே குனிந்து தன் காலைப் பார்த்திருந்தால் போதும். ஆனால் அங்கே பூட்ஸ் அல்லவா இருந்தது.

ஜீப் புறப்படத் தயாராக நின்றது. நூர் பாஷா ஒரு வேலை செய்தார். புது ஸ்லைடில் வெறும் உப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, ஓரங்களில் வாஸலின் தடவி எடுத்துக்கொண்டார். எப்படி இருந்தது என்று சவுரியப்பன் கேட்டதற்கு, சுத்தம் என்று சொல்லிவிட்டார். தன் தீப்பெட்டியைக் குப்பையில் போட்டால் சவுரியப்பன் பெயரைப் படித்துவிடுவார் என்று பயந்து, அதையும் பைக்குள் தள்ளினார்.

பள்ளிக்கூடத்து ஜன்னல் ஓரம் மேஜை போட்டு, வெளிச்சம் விழுகிற மாதிரி இரண்டு மைக்ராஸ்கோப்பும் வைத்தார்கள். ஒன்றுக்கு மேலே 'பூச்சி உள்ளது' என்று அட்டை, இன்னொன்றுக்கு மேலே 'சுத்தம்' என்று அட்டை. ஊர் வரிசையில் நின்றது. நஞ்சம்மாள் மருமகளோடு வந்தாள். காவேரியின் கையில் துணி மூட்டை. இங்கிருந்து அப்படியே மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. வரிசையில் நிற்கவே அவளுக்குத் தெம்பில்லை, சுவரில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

முதல் மைக்ராஸ்கோப்பில் நஞ்சம்மாள் இரண்டு கண்ணையும் வைக்கப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளும்படி நூர் பாஷா சொல்லிக் கொடுத்தார். பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். இது தன் மருமகளுடையதுதானே என்று கேட்டாள். யாருடையது என்று சொல்லக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. நூர் பாஷா பதில் சொல்லாமல் இரண்டாவதைக் காட்டினார். அதில் ஒன்றுமில்லை, வெளிச்சம் மட்டும்தான்.

இது யாருடையது என்று அவள் கேட்டபோது சவுரியப்பன் முந்திக்கொண்டார். நம் பாயுடையது என்றார். சொல்லும்போது நூர் பாஷாவின் முதுகில் செல்லமாக ஒரு தட்டும் தட்டினார்.

நஞ்சம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்துக்க. சுத்தமா இருக்கிற மனுசன் வயிறு கண்ணாடியாட்டம் இருக்குது. எம்பையன் தலையில நீ கட்டுனது என்னான்னு இப்பவாச்சும் தெரியுதா? வா, வண்டிக்கு நேரமாச்சி."

காவேரி சுவரை விட்டு நிமிர்ந்தாள். மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்தாள். வைத்த பாரத்துக்கே மூச்சு வாங்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நூர் பாஷாவுக்கு உள்ளே என்னவோ செய்தது. பூச்சியாக இருக்கும் என்று பிறகு அவரே கேலி செய்துகொள்வார். அப்போது கேலி வரவில்லை. ஒரு துளி தண்ணீரை வைத்துக்கொண்டு தான் மினுக்கிய மினுக்கில் ஒரு பெண்ணின் வாழ்க்கை போகப் பார்க்கிறது என்பது மட்டும் தெரிந்தது. சொன்னால் நாளைக்கு இந்த வரிசையே சிரிக்கும். மொரப்பூர் டீக்கடை சிரிக்கும். வாணியம்பாடிக்கும் எப்படியும் தெரிந்துவிடும். சோப்போடு நிற்கிற மாமியார் அடுத்தமுறை டெட்டாலோடு நிற்பார்.

"கொஞ்சம் இருங்க ஆத்தா" என்றார். "அது என்னுது இல்லீங்க. வெறும் தண்ணி."

சவுரியப்பன் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டார். நூர் பாஷா பைக்குள் கைவிட்டுத் தன் தீப்பெட்டியைத் தேடி எடுத்து, ஜனங்கள் பார்க்கப் பார்க்க ஒரு ஸ்லைடு தயார் செய்தார். 'சுத்தம்' என்ற அட்டைக்குக் கீழே அதை வைத்து, வெளிச்சத்தைச் சரிபண்ணி, ஒதுங்கி நின்றார். பெட்டியைச் சவுரியப்பன் வாங்கி, மேலிருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். அப்படிப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

நஞ்சம்மாள் மறுபடி குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். முதல் மைக்ராஸ்கோப்புக்குப் போய் அதையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ரெண்டும் ஒண்ணாட்டமேதான் இருக்குது."

"ஒண்ணுதாங்க."

"நீங்க பூச்சி ஆஸ்பத்திரிக்காரராச்சே. உங்களுக்கு எப்படிங்க?"

"அதாங்க எனக்கும் புரியல" என்றார் நூர் பாஷா. அது பொய்யில்லை.

நஞ்சம்மாள் அவர் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "இதுல புரியறதுக்கு என்னா இருக்குது? பூட்ச கையில தூக்கிக்கிட்டு எங்க தோட்டத்து வரப்பு மேல வெறுங்காலோட நீங்க வர்றத ஊரே பாக்குதே. எல்லக் கல்லுல குந்தி மாட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துல வந்து செருப்பு போடுங்கன்னு சொல்றீங்க. பாயி வேண்டுதல் வச்சிருக்கிறாருன்னு நாங்க நெனச்சிக்கிட்டு இருந்தோம்."

பள்ளிக்கூடமே சிரித்தது. டாக்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நூர் பாஷா தன் பூட்ஸை முதன்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூச்சியைப் பற்றி எழுத்து விடாமல் படித்தவர்களுக்குப் பூட்ஸ் காலில் இருக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் விட்டுப்போய்விட்டது என்று டாக்டரம்மாவிடம் சொன்னார்.

சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நஞ்சம்மாளிடம் பேசினார்.

"ஆத்தா, நான் பொம்மிடிப் பக்கமே போனதில்லீங்க. எனக்கு உங்க வரப்புல இருந்துதான் ஏறுச்சி. காவேரி களை எடுக்கிறதும் அதே தோட்டந்தான். விடியக்காலைல அந்த வரப்பு ஓரம் யாரு யாரு ஒதுங்குறாங்கன்னு நான் சொல்ல வேணாமுங்க, உங்களுக்கே தெரியும். இது சீதனம் இல்லீங்க. நாம எல்லாரும் சேந்து மண்ணுல போடுறது, எல்லாரு காலுலயும் ஏறுது. என்னுதுல ஏறுன மாதிரி."

அந்த வரப்பு ஓரம் விடியக்காலையில் ஒதுங்குவது நஞ்சம்மாள் வீட்டு ஜனங்கள்தான். வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரியும். நஞ்சம்மாளின் முகம் கறுத்தது. திட்டப் போகிறாள் என்று நூர் பாஷா தயாராக நின்றார். அவள் கதவோரம் நின்ற மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காவேரி இன்னும் மூட்டையை இறக்கவில்லை.

"அந்த மாத்திரைய எடுங்க" என்றாள் நஞ்சம்மாள். "மொதல்ல நீங்க போடுங்க. நாங்க பாக்கணும்."

டாக்டரம்மா சரியென்று தலையை ஆட்டினார். நூர் பாஷா மேஜை மேலிருந்த மாத்திரை டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சவுரியப்பன் தன் பாட்டிலிலிருந்து ஆறிய வெந்நீர் கொடுத்தார். விழுங்கிவிட்டு, அவ்வளவுதான் என்பதுபோலக் கையை விரித்துக் காட்டினார். நஞ்சம்மாள் நம்பவில்லை. சற்று முன்னால்தான் வெறும் தண்ணீரைக் காட்டி ஏமாற்றிய ஆள்.

"வாய தொறங்க."

நூர் பாஷா வாயைத் திறந்தார். ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னாள், திரும்பினார். நாக்கைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார். அரூர் சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பல் பார்ப்பதுபோல நஞ்சம்மாள் இந்தக் கடைவாயையும் அந்தக் கடைவாயையும் எட்டிப் பார்த்தாள். பிறகு காவேரியிடம் போய், அவள் இடுப்பிலிருந்த மூட்டையை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை. தன் வெறுங்கையையும் மருமகளின் கைக்குப் பக்கத்தில், யாரையும் பார்க்காமல், நீட்டினாள். மூடலாம் என்று யாரும் சொல்லாததால் நூர் பாஷா வாயைத் திறந்தபடியே டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.